எட்டுச் சொட்டு

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு இருட்டறையில் இருந்தவர்கள்:

பேராசிரியர் புருஷோத்தமன். ஆய்வுக்கூடம் அவருடையது.

சிவசங்கரி. ஆறாம் வருட ஆராய்ச்சி மாணவி. கண்ணாடித்துண்டு அவளுடையது.

சக்கரபாணி. தொழில்நுட்ப அலுவலர். சாவிகளும் பதிவேடுகளும் அவருடையவை.

வீராயி. வராந்தா துடைக்க வந்தவள், துடைப்பத்தோடு உள்ளே நின்றுவிட்டாள்.

கோபிநாத். ஒப்பந்த உதவியாளன். பதிவேட்டில் முதல் மூன்று பேரை மட்டும்தான் சக்கரபாணி எழுதினார்.

விளக்கை அணைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஊதா வெளிச்சத்தைப் போட்டார்கள். திரையில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகள்தான். ரவையை அள்ளி இறைத்து வைத்தது போல. சிவசங்கரி கண்ணாடியை இடப்பக்கம் நகர்த்தினாள், ரவை. வலப்பக்கம் நகர்த்தினாள், ரவை. ஒரு மூலையில் நீளமாக ஏதோ தெரிந்ததும் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் தூசி.

"இது எத்தனாவதும்மா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"நவம்பர்லேர்ந்து பத்தொம்பது சார்."

"இன்னா தாயி, இன்னிக்கும் மொளைக்கலியா?" என்றாள் வீராயி. "எலுமிச்சம்பழம் ஒண்ணு கட்டுன்னு சொன்னேன். படிச்ச புள்ளைங்க, கேக்க மாட்டீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனாள்.

காலாப்பட்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் மண்ரோட்டில் இருக்கிறது அந்த ஆய்வு நிலையம். தனியார் அறக்கட்டளை ஒன்று நடத்துவது. அங்கே வளர்க்கப் பார்த்தது நானோ கம்பி. செய்முறை என்னவோ ஊறுகாய் போடுவதைவிட எளிது. சின்னக் கண்ணாடித்துண்டின் மேல் ஈய உப்பை மெல்லிய படலமாகப் பூசிக் காயவைக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தூளை, ஐ.பி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, கட்டைவிரல் உயரப் புட்டியில் ஊற்ற வேண்டும். கண்ணாடியை அதற்குள் போட்டு மூடி, இருபது மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். ஈயமும் தூளும் சேர்ந்து பெரோவ்ஸ்கைட் என்ற படிகமாக மாறும். மனசு வைத்தால் அந்தப் படிகம் கண்ணாடியின் மேல் கம்பி கம்பியாக எழும். ஒரு தலைமுடியை நீளவாக்கில் நூறாக வகிர்ந்தால் ஒரு வகிர் எவ்வளவு இருக்கும், அவ்வளவு தடிமன். அதன் மேல் ஊதா ஒளி பட்டால் பச்சையாக எரியும். அந்தப் பச்சை கம்பிக்குள்ளேயே ஓடி இரண்டு முனையிலும் வந்து கொட்டும். மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியை ஓடவிடும் கருவிகளில் இந்தக் கம்பியே விளக்கு, இதுவே ஒயர், இதுவே கண் என்று புருஷோத்தமன் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

போன செப்டம்பரில் அது வளர்ந்தது. நாற்பத்தொன்றாம் தொகுதி. உலகத்தில் மற்றவர்கள் வளர்த்ததைப் போல இரண்டு மடங்கு நீளம், வளைவில்லை, ஒடிவில்லை. அந்தப் படம் பேராசிரியரின் கைபேசி முகப்பில் இன்னமும் இருக்கிறது. அக்டோபரிலும் வளர்ந்தது. கட்டுரை எழுதி அனுப்பினார்கள். நவம்பர் கடைசியிலிருந்து வளரவில்லை. கடல் ஈரம் என்றார்கள், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கினார்கள். தூள் சரியில்லை என்றார்கள், தூளை மாற்றினார்கள். ஐ.பி.ஏ. புதுப்புட்டி என்று சந்தேகப்பட்டு, வேறு நிறுவனத்திடம் அதைவிடச் சுத்தமானதாக ஒன்றை வரவழைத்தார்கள். ரவைதான் வந்தது. கட்டுரையைப் படித்த நிபுணர்கள், இன்னொரு முறை வளர்த்துக் காட்டச் சொல்லிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து ஒரு அம்மாளும் சேர்ந்து ஆய்வுக்குழு உட்காரப்போகிறது. அன்றைக்குக் கம்பி இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். சிவசங்கரிக்கு ஏற்கெனவே ஐந்து வருடம் முடிந்து ஆறு மாத நீட்டிப்பு ஓடுகிறது. அடுத்த நீட்டிப்பு கிடையாது. சொந்த ஊரான வில்லியனூருக்குப் பஸ் ஏறிப் போய், ஐந்தரை வருடம் என்ன செய்தாய் என்று கேட்பவர்களுக்கு ரவை கிண்டினேன் என்று சொல்லலாம். இப்படி அவளேதான் சொல்லிக்கொண்டாள், திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே.

கோபிநாத் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு புட்டி கழுவினான். அவனுக்கு இருபத்தேழு வயது. பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருடத்தில் நின்றவன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, கணக்கில் இரண்டு தாள் நின்றது, ஒருநாள் கல்லூரிக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அப்புறம் இந்தப் பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் திரவம் நிரப்பும் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் இரவு ஷிஃப்ட். பகலில் தூங்கி எழுந்து சோறு தின்று மறுபடி போகும் வேலையில் ஆட்களோடு பேசும் பழக்கமே விட்டுப்போனது. இங்கே வந்த பிறகு பகல் வெளிச்சம் கிடைத்தது. அதோடு நுண்ணோக்கியும் கிடைத்தது. சிவசங்கரி இல்லாத நேரம், குப்பைக்குப் போக வேண்டிய கண்ணாடிகளை வைத்துப் பார்ப்பான். நாற்பத்தொன்றை அவன்தான் இரண்டாவதாகப் பார்த்த ஆள். அன்றைக்கு அவள் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். முனைகள் ஏன் நடுவைவிட அதிகமாக எரிகின்றன என்று கேட்டான். அவள் சொன்னாள். அன்றைக்குப் பிடித்த அரிப்பு அவனுக்கு இன்னும் அடங்கவில்லை.

மூன்று மணிக்கு வீராயி மேசை துடைக்க வந்தாள். கழுவுதொட்டிக்கு அடியிலிருந்து ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனை இழுத்தாள். கொரோனா வருஷத்தில் கடைகளில் கிருமிநாசினி கிடைக்காதபோது இந்தக் கூடத்திலேயே கலக்கிய சரக்கு. ஐ.பி.ஏ., தண்ணீர், கொஞ்சம் கிளிசரின், ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு. கொரோனா போய், கேன் மட்டும் தங்கிவிட்டது. சக்கரபாணியின் கையெழுத்தில் 'ஐ.பி.ஏ. 75' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"டேய் கோபி, பாதிதான்டா இருக்குது. இன்னாடா, எடுத்துக் குடிக்கிறீங்களா?"

"ஆமா, உனுக்குத் தெரியாம டெய்லி ஒரு கிளாஸு."

"மூஞ்சப் பாத்தா அப்படித்தான் இருக்குது. இத ஊத்துனா மேசை வழுவழுன்னு ஆவுது, என்னத்த கலந்தானுவளோ."

அவள் ஊற்றினாள். வாசனை வந்தது. கோபிநாத் கையில் இருந்த புட்டியைக் குழாய்க்கடியில் பிடித்தபடியே நின்றான். புட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. சிவசங்கரி தங்கச்சி வளைகாப்புக்குப் போயிருந்தாள். அலமாரியைத் துடைக்கும்போது, ஐ.பி.ஏ. பழுப்புப்புட்டி அவன் முழங்கையில் பட்டுச் சாய்ந்தது. மூடி சரியாக முறுக்கவில்லை. தூக்கி நிறுத்துவதற்குள் இரண்டு விரல்கடை இறங்கிவிட்டது. இரண்டு விரல்கடை போனால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் அந்தப் புட்டியில் கோடு இருந்தது. சக்கரபாணி வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் விலையுள்ள திரவப் புட்டிகளை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மட்டம் நிற்கும் இடத்தில் கறுப்பு மையால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பதிவேட்டில் இருக்க வேண்டும், பதிவேட்டுக்கும் கோட்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. வீட்டில் தண்ணீர்ப்பானைக்கே கோடு போட்டிருப்பார்கள் என்று சிவசங்கரி சொல்லுவாள்.

மேட்டுப்பாளையத்துக் கம்பெனியிலும் மட்டம்தான் சட்டம். வரிசையில் ஒரு புட்டி குறைந்து வந்தால் பக்கத்துப் புட்டியிலிருந்தோ வாளியிலிருந்தோ ஊற்றி மட்டமாக்கி அனுப்ப வேண்டும். குறைந்த புட்டி வெளியே போனால் அன்றைய ஷிஃப்டே இல்லை. மூன்று வருடத்தில் கை அதைத் தானாகச் செய்யப் பழகியிருந்தது. அந்தப் புதன்கிழமை அவன் யோசிக்கக்கூட இல்லை. கேனில் ஐ.பி.ஏ. என்று எழுதியிருந்தது. புட்டியிலும் அதுதான் எழுதியிருந்தது. கோடு வரைக்கும் ஊற்றினான், மூடியை முறுக்கினான், மறந்தான். வெள்ளிக்கிழமை சக்கரபாணி புட்டியைத் தூக்கிப் பார்த்து, சரி என்று வைத்தார். திங்கட்கிழமை சிவசங்கரி அதிலிருந்து நாற்பத்தொன்றைப் போட்டாள். நவம்பரில் அந்தப் புட்டி தீர்ந்தது.

குழாயை மூடினான். முதலில் தோன்றியது வாயை மூடிக்கொண்டிருப்பது. புட்டி இப்போது இல்லை, குப்பைக்குப் போய் நாலு மாதமாகிறது. அவன் சொன்னாலொழிய யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் சக்கரபாணி, அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு ஒரு மெயில் போடுவார், அவ்வளவுதான் வேலை. மறுபடி மேட்டுப்பாளையம், மறுபடி ராத்திரி.

ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அவனை அரித்தது அது இல்லை. மனசாட்சி என்றெல்லாம் சொன்னால் பொய்யாகிவிடும். உண்மையிலேயே அதனால்தானா என்பதுதான் அரித்தது. எல்லோரும் அழுக்கு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அழுக்கு போய்விட்டதுதான் கோளாறோ? வேறு காரணமாகவும் இருக்கலாம். அம்மா செல்வாம்பாள் மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இன்னாடா, சோத்தப் பெசஞ்சிகினே இருக்கற?" என்றாள். அவன் விரலால் தட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். புட்டியில் நானூறு மில்லி இருந்திருக்கும். கொட்டியது இருபத்தைந்து. சின்னப்புட்டி பத்து மில்லி. மில்லிக்கு இருபது சொட்டு. ஒரு புட்டிக்குப் பன்னிரண்டு சொட்டு.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். வியாபாரம் முடிந்த மீன் அங்காடி மாதிரி கூடம் சட்டென்று அமைதியானது. சிவசங்கரி கோணல் என்று ஒதுக்கிய, ஈயம் பூசிய கண்ணாடிகள் ஒரு டப்பாவில் இருந்தன. அவற்றில் ஐந்தை எடுத்தான். கையுறை போட்டுக்கொண்டு தூளை நிறுத்தான். அவள் செய்வதை இரண்டு வருடமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான், ஆனாலும் முதல் புட்டிக்கு இரண்டு முறை நிறுத்துப் பார்த்தான். புதுசான, சுத்தமான ஐ.பி.ஏ. பதிவேட்டில் ஐம்பது மில்லி என்று தன் பெயரிலேயே எழுதினான், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். கேனிலிருந்து சொட்டு போட்டான். ஒன்றில் எதுவும் இல்லை. ஒன்றில் நாலு. ஒன்றில் எட்டு. ஒன்றில் பன்னிரண்டு. ஒன்றில் பதினாறு. எதுவும் போடாத புட்டி எதற்கு என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அது இல்லாவிட்டால் மற்ற நான்கும் எதைப் பார்த்துப் பேசும் என்று அவனுக்கே தோன்றியது. ஐந்தையும் காலி அட்டைப்பெட்டியில் வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினான். கை கழுவி, கேன்டீனுக்குப் போனபோது சாம்பார் தீர்ந்திருந்தது.

அன்று மாலை சிவசங்கரி இருபதாவது தொகுதியைப் போட்டாள். "நம்பர் முழுசாவட்டுமே" என்றாள். அவன் கண்ணாடிகளை எடுத்துக் கொடுத்தான். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. என்ன சொல்வது, தெரியுமென்றா, தெரியாதென்றா? நாளைக் காலை தெரிந்துவிடும். ஒரு ராத்திரிதானே என்று இருந்துவிட்டான்.

புதன்கிழமை எட்டு மணிக்கே வந்து கூடத்தைத் திறந்தான். ஒன்பதேகாலுக்கு இருபது மணி நேரம் நிறைந்தது. கண்ணாடிகளை இடுக்கியால் எடுத்துக் காயவைத்து இருட்டறைக்குக் கொண்டுபோனான். எதுவும் போடாதது: ரவை. நாலு சொட்டு: ரவைக்கு நடுவில் துடைப்பத்திலிருந்து உதிர்ந்த துணுக்குகள் மாதிரி குட்டைக் கம்பிகள். எட்டை விட்டுவிட்டுப் பதினாறுக்குப் போனான். படலமே பாதி கரைந்து கண்ணாடி வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டு: கம்பிகள். அவனுக்குத் தெரிந்த கம்பிகள். நாற்பத்தொன்று அப்படியே, முனைகளில் பச்சைப் பொட்டு வைத்துக்கொண்டு கிடந்தது. 'அப்ப நெசந்தான்' என்று வாய்விட்டுச் சொன்னான். பிறகு எட்டை வைத்தான். திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்த கம்பி மறு ஓரத்தில் வெளியே போனது. முனை தெரியவில்லை. கண்ணாடியை நகர்த்தினான், இன்னும் கம்பிதான். இன்னும் நகர்த்தினான். முனைக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே ஒளி, ஊசியால் குத்தி எடுத்த துளை வழியாகப் பகல் தெரிகிற மாதிரி நின்றது. தவறுதலாக விழுந்த அளவைவிட, அதற்குக் குறைந்த அளவில் இன்னும் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஏன்? தண்ணீராலா, கிளிசரினாலா, பெராக்சைடாலா? கதவுக்கு வெளியே வீராயி வாளியை இழுக்கும் சத்தம் கேட்கிறவரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சிவசங்கரியின் குறிப்பேடு மேசைமேல் இருந்தது. தைத்துக் கட்டிய, பக்க எண் அச்சடித்த குறிப்பேடு. ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் காலி. பேனாவை எடுத்துக் கட்டம் போட்டு எழுதினான். எத்தனை சொட்டு, எப்போது போட்டது, எப்போது எடுத்தது, என்ன தெரிந்தது. கீழே செப்டம்பரில் நடந்ததை நாலு வரியில் எழுதினான். தேதி, கையெழுத்து. கல்லூரியில் அவன் எழுதிய செய்முறைப் பதிவேடுகளில் ஊசலின் விடை எப்போதும் ஒன்பது புள்ளி எட்டு என்றுதான் வரும். விடையை முதலில் எழுதி, அதற்கு ஏற்றபடி அளவுகளைப் பின்னாலிருந்து நிரப்புவார்கள். முதலில் அளவு வந்து அப்புறம் விடை வந்த பக்கம் அவன் வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

பத்தரைக்குச் சிவசங்கரி வந்தாள். பையைக் கழற்றாமலே பக்கத்தைப் படித்தாள். இருட்டறைக்குப் போனாள். பத்து நிமிடம் கழித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"நாலு மாசம் கோபி."

"தெரியலக்கா."

"தூள மாத்துனேன். ஏசிய மாத்துனேன். தங்கச்சிக் கொழந்தைக்குப் பேரு வெச்சாங்க, போகல. உனக்குக் கோடு சரியா இருந்தாப் போதும்."

"முந்தாநேத்துதான்க்கா ஞாபகம் வந்துச்சு."

"முந்தாநேத்து வந்துச்சுன்னா நேத்து ஏன் சொல்லல? எங்கிட்ட கண்ணாடி எடுத்துக் குடுத்தியே, அப்ப வாயில என்ன இருந்துச்சு?"

"நெசமான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தான். அவள் பக்கத்தை மறுபடி கிட்டே இழுத்தாள்.

"எட்டுன்னா, எந்த டிராப்பர்ல எட்டு?"

"நீல ரப்பர் போட்டது."

"அது சொட்டு பெருசா விழும். எடுத்துட்டு வா. ஒரு சொட்டு எவ்ளோ எடைன்னு பாக்கணும்."

ஒவ்வொரு சொட்டாகத் தராசில் விட்டு அவள் எண்ணைச் சொல்ல, அவன் எழுதினான். மத்தியானம் அவளே புதிதாக மூன்று புட்டி போட்டாள். அவன் ஐ.பி.ஏ. ஊற்றப் போனபோது, "நீ தொடாத" என்றாள். பிறகு, "கிட்ட நின்னு பாரு" என்றாள்.

வியாழக்கிழமை காலை மூன்றிலும் கம்பி இருந்தது.

அவள் படங்களை எடுத்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. கோபிநாத் வரும் வழியில் மருந்துக்கடையில் சின்னப் புட்டி கிளிசரின் வாங்கி வந்திருந்தான். "தண்ணியா கிளிசரினான்னு பிரிச்சுப் பாக்கலாம்க்கா" என்றான். "அதெல்லாம் வெள்ளிக்கிழமை தாண்டட்டும்" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவனால் தாண்ட முடியவில்லை. இரண்டு பத்துக்கு, ஒரு புட்டியில் சுத்தமான ஐ.பி.ஏ., தூள், கண்ணாடி, கிளிசரின் மட்டும் ஊசிமுனையளவு. சீட்டு ஒட்டி, அலமாரியில் கையுறை டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தான். படம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான்.

மூன்று மணிக்குப் பேராசிரியர் இருவரையும் கூப்பிட்டார். அவர் அறையில் சக்கரபாணி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் குறிப்பேடு விரித்திருந்தது. புருஷோத்தமன் மூன்று நாளில் பத்து வயது குறைந்தவர் போல இருந்தார்.

"பாருங்க, நல்ல விஷயம் நடந்திருக்கு. அதைச் சிக்கலாக்க வேணாம்" என்றார். "ஒரு சேர்மானத்த நாமதான் யோசிச்சு சேர்த்தோம், செப்டம்பர்லயே. குறிப்புல எழுத விட்டுப்போச்சு. அவ்ளோதான். சங்கரி தன் கையெழுத்துல ஒரு பக்கம் எழுதி இது மேல ஒட்டிடட்டும். யாருக்கும் நஷ்டமில்ல. கோபிக்கும் நல்லது."

சிவசங்கரி குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபிநாத் அவள் முகத்தைக் கவனித்தான். அவள் கணக்குப் போடுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவர் சொல்வதுபோல் எழுதினால் நாளைக்குக் குழுவின் முன் எந்தக் கேள்வியும் இல்லை. உள்ளபடி எழுதினால், செப்டம்பரில் உங்கள் புட்டியில் என்ன இருந்தது என்றே தெரியாமலா கட்டுரை அனுப்பினீர்கள் என்று அந்தச் சென்னை அம்மாள் கேட்பார். கம்பி இருந்தும் நீட்டிப்பு போகலாம். போகாமலும் இருக்கலாம்.

"பக்கம் அவனோடது சார்" என்றாள் கடைசியில். "அவனக் கேளுங்க."

சக்கரபாணி தொண்டையைச் செருமினார். "கோபி, எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல. ஆனா இது இப்படியே இருந்தா, நான் ஏஜென்சிக்கு எழுதித்தான் ஆகணும். ரசாயனத்துல கலப்படம். நாளைக்கு வேற எதுலயாவது ஊத்தி, வெடிச்சா யாரு பதில் சொல்றது?" கொஞ்சம் நிறுத்தினார். "எட்டு வருஷமா கோடு போடறேன்யா. அந்தக் கோட்டுலயே வந்து நின்னுச்சே."

"ஒட்டிடலாமா கோபி?" என்றார் பேராசிரியர், பிள்ளைக்கு மிட்டாய் நீட்டுவதுபோல.

கோபிநாத் தன் கையெழுத்தைப் பார்த்தான். மோசமான கையெழுத்து. 'பதினாறு'க்குக் கால் விட்டுப்போயிருந்தது. அதன் மேல் பசை தடவி வேறொரு தாள் ஒட்டினால் பக்கம் கொஞ்சம் தடித்திருக்கும், அவ்வளவுதான் அடையாளம். வேலை இருக்கும். புட்டி கழுவலாம், யாரும் இல்லாதபோது குப்பைக் கண்ணாடிகளைப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்துக்குப் போகும் ராத்திரி பஸ்ஸில் கண்டக்டர்கூடத் தூங்கிக்கொண்டுதான் டிக்கெட் கொடுப்பான், அது ஞாபகம் வந்தது.

"இருக்கட்டும் சார்" என்றான்.

"என்ன இருக்கட்டும்?"

"பக்கம் இருக்கட்டும். நான் பாத்ததுதான் எழுதியிருக்கேன்."

சிவசங்கரி குறிப்பேட்டை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். "அப்ப இதையேதான் நாளைக்கு வெக்கப்போறேன்" என்றாள். புருஷோத்தமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ உக்காரும்மா. கேள்விக்கெல்லாம் என்ன சொல்றதுன்னு பாப்போம்" என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. கோபிநாத்தை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவன் வெளியே வந்தான்.

ஐந்து மணிக்கு சக்கரபாணி கூடத்தின் வாசலில் அடையாள அட்டையையும் சாவியையும் வாங்கிக்கொண்டார். வெள்ளைக் கோட்டை அவனே மடித்துக் கொடுத்தான். வீராயி வாளியோடு கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "எருமைக்குப் பொறந்தவன், வாயத் தொறக்காம இருந்திருக்கலாமில்ல" என்று அவனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு படியிறங்கினாள். சிவசங்கரி இன்னும் பேராசிரியர் அறையில்தான் இருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரலும் அவர் குரலும் மாறி மாறிக் கேட்டன. அவள் வெளியே வர நேரமாகும்.

கோபிநாத் திரும்பி உள்ளே பார்த்தான். நாளை வருகிறவர்களுக்காக மேசைகள் துடைத்துக் கிடந்தன. அலமாரியில் கையுறை டப்பாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. இரண்டு பத்துக்குப் போட்டது. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ரவையா, கம்பியா என்பது இந்நேரம் முடிவாகியிருக்காது. ஒரு ஓரத்தில் ஏதாவது ஒன்று எழத் தொடங்கியிருக்கலாம். நாளைக் காலை பத்து பத்துக்கு யாராவது எடுக்க வேண்டும். விட்டால் மறுபடி கரையுமா, இன்னும் நீளுமா, அதுவும் தெரியாது.

"சார், அந்தக் கையுறை டப்பாவுக்குப் பின்னால..."

"நாளைக்கு வேற ஆளு வருவான்யா. அடுக்கறது கிடுக்கறது எல்லாம் அவன் பாத்துப்பான். நீ கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

சக்கரபாணி உள்ளே நின்றபடியே கதவைத் தள்ளினார். அது கோபிநாத்தின் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளிருந்து சாவி ஒரு முறை திரும்பியது. கொஞ்சம் நின்று, இன்னொரு முறை.